முன்கையில் ஐந்து புள்ளிக் கோலம்: பச்சை குத்தியிருந்தால் வேலை கிடைக்காதா?

சாட்ஸ்வொர்த் கிளி | செவ்வாய், இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். என் தமிழ் சனிக்கிழமைகளில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். பிழை இருந்தால் திட்டாமல் திருத்துங்கள்.

எனக்கு 27 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரி. கணக்கியல் படித்துவிட்டு ஒரு சின்ன அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். போன மாதம் உம்லாங்காவில் ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல். இரண்டு சுற்றும் நன்றாகவே போயின. மூன்றாவது சுற்றில் அந்த அறையில் ஏசி ஓடவில்லை. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். என் இடது முன்கையில் பச்சை இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, நம்மவர்தான், "அது மருதாணியா?" என்று கேட்டார். இல்லை, பச்சை என்றேன். "ஓ" என்றார். அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வழக்கமான மின்னஞ்சல் வந்தது: உங்களைவிடப் பொருத்தமான ஒருவர், வாழ்த்துகள், இத்யாதி.

மண்டை ஓடு, பாம்பு எதுவும் இல்லை. அது ஒரு கோலம். என் ஆயாவின் அம்மா கையில் இருந்ததாம். ஆயா அதை நினைவிலிருந்தே வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் போடுவார். அவர் போன பிறகு, அவர் தாளில் வரைந்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்க் குத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. மறைத்துக்கொண்டு போவதா, அப்படியே போவதா? அம்மா ஒரே பேச்சாக லேசர் வைத்து எடுத்துவிடு என்கிறார்.


ஜோபர்க் மதுரைக்காரன் | செவ்வாய், இரவு 9:05

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ தங்கச்சி. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் கையை மடித்துவிடு. நான் தாடி வளர்த்தது இப்படித்தான்.


உச்சிவெயில் | செவ்வாய், இரவு 10:31

பதினான்கு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பச்சை காரணமாக ஒருவரை வேண்டாம் என்று எந்த நிறுவனமும் எழுத்தில் சொல்லாது. நேர்காணல் முடிந்து நாங்கள் நான்கு பேர் காப்பி குடிக்கும்போது ஒருவர், "நல்ல பெண்தான், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைத்தால்..." என்று இழுப்பார். மற்றவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். கூட்டக் குறிப்பில் "அணியோடு பொருந்துவது சந்தேகம்" என்று ஒரு வரி ஏறும். நானே அப்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையனின் மணிக்கட்டில் இருந்தது இறந்துபோன தம்பியின் பிறந்த தேதி.

ஆனால் எல்லா வேலையும் ஒன்றில்லை. கால் சென்டரில் முகம் முழுக்கப் பச்சை இருந்தாலும் கவலைப்பட ஆள் இல்லை. கணினி, விளம்பரம், சமையல் துறைகளிலும் பெரிதாகப் பார்ப்பதில்லை. வங்கிக் கிளை, தணிக்கை, வழக்கறிஞர் அலுவலகம் என்றால் அந்த அறையில் மூத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. போலீஸ் வேலைக்கு, சீருடைக்கு வெளியே தெரியும் பச்சை கூடாது என்ற நிபந்தனையை விளம்பரத்திலேயே பார்த்திருக்கிறேன்.

விமானப் பணிப்பெண் வேலைதான் வேடிக்கை. நம் பிள்ளைகள் பலர் கனவு காணும் எமிரேட்ஸில் சீருடையில் பச்சை தெரியவே கூடாது. மேக்கப் பூசியோ கட்டுப் போட்டோ மறைத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஏர் நியூசிலாந்து 2019இல் தடையை எடுத்துவிட்டது. மாவோரிப் பழங்குடிகளின் நாட்டில், அவர்கள் பச்சையையே மறைத்துக்கொண்டு வேலைக்கு வா என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததுதான் ஆச்சரியம். வர்ஜின் அட்லாண்டிக் 2022இல் எடுத்தது. அதே சீருடை, அதே தேநீர்த் தட்டு, அதே கை. கம்பெனி மாறினால் கை கெட்ட கையாகிவிடுகிறது.

அடுத்த வாரம் கையை மூடிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் யோசனை. பொய் சொல்லச் சொல்லவில்லை. நேர்காணலில் முதல் பத்து நிமிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும், கையைப் பற்றி வேண்டாம்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | புதன், காலை 6:15

அம்மா கிளி, தமிழ் நன்றாகவே இருக்கிறது.

உன்னைப் பார்த்து "ஓ" சொன்ன அம்மாவின் வயது என்ன? ஐம்பதுக்கு மேல் என்றால் அந்த "ஓ" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் காலத்தில் பச்சைக்கு இங்கே இருந்த பெயர் "ச்சாப்பி". ச்சாப்பி என்றாலே ஜெயில். இந்த நாட்டுச் சிறைகளில் 26, 27, 28 என்ற எண்களில் மூன்று கும்பல்கள் உண்டு. நோங்கோலோசா என்ற சூலு ஆள் நூறு வருடத்துக்கும் முன் ஜொஹானஸ்பர்க் பக்கம் கூட்டிய கொள்ளைக் கூட்டத்தில் தொடங்கிய மரபு அது. உள்ளே போனவன் எந்த எண்ணில் சேர்ந்தானோ அதை உடம்பில் ஏற்றிக்கொண்டு வெளியே வருவான். கழுத்தில், கையில், சிலருக்கு முகத்திலேயே. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், தோட்ட வேலை நன்றாகச் செய்வார். ஆனால் அவர் வந்தால் என் அம்மா கதவைத் தாழிடுவார். நான் வகுப்பில் எத்தனை வருடம் சமத்துவம் பாடம் நடத்தினாலும், பேருந்தில் கழுத்துப் பச்சையோடு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால் கை தானாகப் பையைப் பிடிக்கிறது. அறுபது வருடப் பழக்கம், என்ன செய்ய.

இதில் வேடிக்கை, கதவைத் தாழிட்ட என் அம்மாவின் இரண்டு முன்கையிலும் பச்சை இருந்தது. தேள் ஒன்று, பூப்போல ஒன்று. அதை யாரும் ச்சாப்பி என்று சொன்னதில்லை. பாட்டிகளின் பச்சை வேறு சாதி, ஜெயில் பச்சை வேறு சாதி.


காவடி_கிரிக்கெட் | புதன், மதியம் 12:50

வாத்தியார் ஐயா, அங்கேதான் எனக்கு எரிகிறது. தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்தி, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுத்தேன். தெருவே கும்பிட்டது, மாமா அத்தை எல்லாரும் படம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் தோளில் வேல் பச்சை குத்திக்கொண்டேன். அதே மாமா, "ரவுடியாகிவிட்டாயா?" என்றார். அதே வேல்! அதே உடம்பு!


சாட்ஸ்வொர்த் கிளி | புதன், மதியம் 1:10

அந்த மாமாவும் உங்கள் வீட்டில்தானா? எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.


பெதஸ்தா ஓரம் | புதன், மாலை 5:44

நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். லேவியராகமம் 19:28 உடம்பில் எழுத்துக் குத்தாதே என்கிறது. என் மகன் அந்த வசனத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, இதே அதிகாரத்தில் தாடி ஓரத்தைக் கத்தரிக்காதே என்றும் இருக்கிறது, நீங்கள் தினமும் சவரம் செய்கிறீர்களே" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவன் குத்திக்கொள்ளவில்லை. காரணம் வசனமில்லை, ஊசிப் பயம்.


காவடி_கிரிக்கெட்டுக்குப் பதில் — வெருலம் வீட்டுக்காரி | புதன், இரவு 7:20

தம்பி, அலகுக் காயத்தில் திருநீறு வைத்தால் ஒரு வாரத்தில் தடம் தெரியாமல் ஆறிவிடும். பச்சை அப்படியா? சாமி உருவத்தைக் குத்திக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவாயா, கறிக்கடைக்குப் போவாயா? கழற்றி வைத்துவிட்டுப் போகமுடியாதே. பெரியவர்கள் கேட்பது அதைத்தான். ரவுடி என்றது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கிளி, உன் அம்மா லேசர் என்று சொல்வது வேலைக்காக இருக்காது, கல்யாணத்துக்காக. என் அக்கா மகளுக்குப் பேசி முடித்த இடத்தில் கணுக்காலில் இருந்த சின்னப் பட்டாம்பூச்சிக்காகப் பேச்சு நின்றது. மாப்பிள்ளைக்கு மார்பு முழுக்கச் சிங்கம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.


மூக்குத்தி வழக்கு | புதன், இரவு 9:58

தொழிலாளர் சட்டம் என் துறை. இதில் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டியிருக்கிறது.

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 1998இல் வந்தது. அதன் 6ஆம் பிரிவு எந்தெந்தக் காரணத்துக்காகப் பாகுபாடு கூடாது என்று பட்டியல் போடுகிறது: இனம், பால், மதம், பண்பாடு, மொழி, பிறப்பு என்று நீளும். பச்சை என்ற சொல் அதில் கிடையாது. "வேறு எந்தத் தன்னிச்சையான காரணமும்" என்ற வாலை 2014இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒட்டியது. இந்தப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறவரையும் காக்கும், உள்ளே இருப்பவரை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

வித்தியாசம் நிரூபிக்கும் சுமையில் இருக்கிறது. பட்டியலில் உள்ள காரணம் என்றால் முதலாளிதான் தன் பக்கம் நியாயம் என்று காட்டவேண்டும். தன்னிச்சையான காரணம் என்றால் அந்தச் சுமை புகார் செய்கிறவர் தலையில் விழுகிறது. பட்டாம்பூச்சிப் பச்சைக்காரர் இரண்டாவது வாசலில் நிற்கிறார். உங்கள் கோலத்தைப் பண்பாடு என்று வாதாட இடமிருக்கிறது, அதனால் முதல் வாசலைத் தட்டிப் பார்க்கலாம்.

தட்டுவதற்கு நம் பிள்ளை ஒருத்தியே வழி போட்டு வைத்திருக்கிறாள். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள். பள்ளி கழற்றச் சொன்னது. சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி ஜெயித்தது, உயர்நீதிமன்றத்தில் தோற்றது, கடைசியில் 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் மூக்குத்தி ஜெயித்தது. தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமா என்றால் இல்லை. ஆனால் கட்டாயமில்லாமல் விரும்பிச் செய்யும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். உங்கள் கோலத்துக்கு அந்த வரி போதும்.

இன்னொன்று 2013. கேப் டவுன் போல்ஸ்மூர் சிறையில் சடைமுடி வைத்திருந்த காவலர்கள் ஐந்து பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். சிலர் ராஸ்தஃபாரி என்ற மதத்தவர், சிலர் கோசா இன மரபில் சாமியாடியாகும் அழைப்பு வந்தவர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. சடை வைத்தவன் பூட்டைச் சரியாகப் பூட்டமாட்டான் என்று துறையால் காட்ட முடியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லவேண்டும். ஆறு மாதத்துக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது? ஒரு "ஓ". அதைத் தட்டச்சு செய்து இணைப்பாக வைக்கமுடியாது. உச்சிவெயில் மாதிரி உள்ளே இருந்த ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு.


உச்சிவெயில் | புதன், இரவு 10:12

வரமாட்டோம். எனக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.


ஊசிமுனை | வியாழன், காலை 11:30

நான் டர்பனில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறேன். இழையைத் தோழி ஒருத்தி அனுப்பினாள். தமிழில் பேசுவேன், எழுதிப் பழக்கமில்லை, அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

முதல் முறை வருகிற பிள்ளை கை விரல், கழுத்து, முகம் என்று கேட்டால் குத்தமாட்டேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகும், போகட்டும். பதினெட்டு வயதில் கேட்டது இருபத்தெட்டில் வேலை தேடும். முன்கை பரவாயில்லை, மூடலாம். எங்கே குத்துகிறோம் என்பதில்தான் பாதித் தலையெழுத்து.

லேசர் பற்றி அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அழிப்பான் வைத்துத் தேய்க்கிற மாதிரி அது போகாது. ஒளி மையைப் பொடியாக உடைக்கிறது, உடம்பு மெல்ல மெல்ல அந்தப் பொடியை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆறு எட்டு வாரம் விடவேண்டும். ஆறு ஏழு தடவை, சிலருக்குப் பத்துக்கு மேலேயும் போகும். கறுப்பு மை சுலபமாகப் போகும், பச்சை நிற மையும் வெளிர்நீலமும் அடம் பிடிக்கும். நம் மாதிரி கறுத்த தோலில் இன்னொரு தொல்லை: லேசர் மையோடு சேர்த்துத் தோலின் சொந்த நிறத்தையும் தாக்கினால் கோலம் போய், கோலம் வடிவத்திலேயே வெள்ளைத் தழும்பு நிற்கும். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் ஓரளவு பாதுகாப்பு. அதுதானா என்று கேட்காமல் எங்கேயும் கையை நீட்டாதீர்கள். குத்திய செலவைவிட எடுக்கிற செலவு பல மடங்கு.

அப்புறம் ஒரு ஆசை. அந்தப் பழைய கோலத்தைப் பார்க்கமுடியுமா? பாட்டிகள் காலத்தில் மூன்று நான்கு ஊசியைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்கள் என்று என் அம்மா சொல்வார். கரி கறுப்புதான். தோலுக்குள் போனதும் பச்சையாகத் தெரியும். பேர் வந்தது அப்படித்தான் என்பார். அந்தப் பாட்டிகள் யாரும் வேலைக்கு நேர்காணல் போகவில்லை என்பது வேறு விஷயம்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | வியாழன், மாலை 4:05

போகவில்லை என்று யார் சொன்னது? அவர்களைப் பார்த்த மாதிரி உன்னை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் அம்மா.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது நம் டர்பன் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம் எல்லாம் எழுதியபின் ஒரு பத்தி வரும்: உடல் அடையாளம். மச்சம், தழும்பு, பச்சை, எது கண்ணில் பட்டதோ அதை எழுதுவார்கள். ஆள் மாறிவிடாமல் இருக்க, ஓடிப்போனால் பிடிக்க. தோட்டத்துக்கு வேலைக்கு எடுக்கும்போதே கையைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அன்றைக்குப் பச்சை இருந்தால் வேலை கிடைக்காது என்றில்லை. பச்சையைச் சொல்லி எங்கிருந்தாலும் இழுத்து வரலாம்.

கிளி, ஆயாவின் அம்மா வந்த கப்பல் தெரியுமா? குடும்ப எண் வீட்டில் எங்காவது இருக்கும். பழைய பிறப்புச் சான்றிதழில் பார். எண் கிடைத்தால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.


சாட்ஸ்வொர்த் கிளி | ஞாயிறு, இரவு 9:20

இரண்டு செய்தி.

நேர்காணல் வெள்ளிக்கிழமை நடந்தது. உச்சிவெயில் அக்கா சொன்னபடி முழுக்கை போட்டேன். 31 டிகிரி. உள்ளே நுழையும்போதே முதுகு நனைந்துவிட்டது. நன்றாகப் போனது. முடிவில் ஒருவர் கை கொடுத்தபோது சட்டைக் கை மேலே ஏறியது, அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சட்டைக்குள்ளிருந்தும் ஏதோ எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, வாத்தியார் ஐயா, எண் கிடைத்தது. அத்தை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது, நிறவெறி ஆட்சியில் எங்களவர்களைக் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்திவிட்டபோது எடுத்து வந்த டப்பா. அதை வைத்துத் தேடி ஒரு நகல் வாங்கினோம். ஆயாவின் அம்மா எட்டு வயதில் தன் அம்மாவோடு வந்திருக்கிறார். மகளுக்கு உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. அவ்வளவுதான். பச்சை என்றே இல்லை. அம்மாவுக்கு: வலது முன்கையில் பச்சை.

நான் இத்தனை நாள் அது ஊரிலிருந்து வந்த கோலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு இங்கே வந்தபிறகுதான் யாரோ குத்தியிருக்கிறார்கள்! கரும்புத் தோட்டத்தில், லைன் வீட்டில். அம்மாவே குத்தினாரா, அம்மா கையைப் பார்த்து வேறொருவர் குத்தினாரா, தெரியாது. என் அம்மா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். லேசர் பேச்சு இரண்டு நாளாக இல்லை. நாளைக்கு வரலாம், அவரை எனக்குத் தெரியும்.


வெருலம் வீட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9:41

ஓடிப்போனால் பிடிக்க எழுதி வைப்பார்கள் என்று தெரிந்தும் பிள்ளை கையில் குத்தியிருக்கிறாளே. என்ன தைரியம்.


ஜோபர்க் மதுரைக்காரன் | ஞாயிறு, இரவு 9:50

தைரியமோ, தெரியாமலோ. எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டா குத்தியிருப்பார்கள் அக்கா. அந்தப் பிள்ளைக்குத் தன் விருப்பம் என்று ஒன்று இருந்திருக்காது. நம் கிளிக்கு இருந்தது.


ஊசிமுனை | திங்கள், காலை 8:15

கிளி, கோலத்தைப் பார்க்கக் கேட்டேன், இன்னும் படம் வரவில்லை. கோலம் எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா?


சாட்ஸ்வொர்த் கிளி | திங்கள், காலை 8:22

5 புள்ளி, இடுக்குப்புள்ளி, 3இல் நிற்கும். ஆயா போடும்போது ஒரு பக்கத்துக் கோடு புள்ளியைச் சுற்றாமல் வெட்டிக்கொண்டு போகும். பிழை என்று நினைத்துக் குத்தும்போது நான் சரிசெய்யச் சொல்லிவிட்டேன். இப்போது அது பிழைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தத் தாளையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன், நீங்களே பாருங்கள்.